இளங்குழந்தைகளுக்கான இன்ஃபுளூயன்சா தடுப்பூசி: பாதுகாப்பும் பயன்திறனும் சோதிக்கப்படும் முறை

ஆய்வுச் சுருக்கம்

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வழங்கப்படும் இன்ஃபுளூயன்சா தடுப்பூசிகளின் பாதுகாப்பும் பயன்திறனும் எவ்வாறு சோதித்தறியப்படுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. மூக்குவழித் தெளிப்பு மருந்தின் வயது வரம்பு, வங்கதேசத்திலும் செனகலிலும் ஒரே மருந்து தந்த வேறுபட்ட முடிவுகள், 2010ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் நேர்ந்த காய்ச்சல் வலிப்பு நிகழ்வுகள் ஆகியவை சான்றுகளாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. உரிமம் வழங்கப்படுவதற்கு முன் நடைபெறும் சோதனை இன்றியமையாதது. எனினும், ஆண்டுதோறும் உள்ளடக்கம் மாறும் ஒரு தடுப்பூசிக்கு அச்சோதனை மட்டும் போதாது; தொடர் கண்காணிப்பும் சோதனையின் ஒரு பகுதியே என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: இன்ஃபுளூயன்சா, தடுப்பூசி, இளங்குழந்தைகள், மருத்துவச் சோதனை, காய்ச்சல் வலிப்பு, பயன்திறன், தொடர் கண்காணிப்பு

முன்னுரை

இன்ஃபுளூயன்சா என்பது சில நாள்களில் தானே தணிந்துவிடும் காய்ச்சல் என்றே பலராலும் கருதப்படுகிறது. இளங்குழந்தைகளைப் பொறுத்தவரை இக்கருத்து முழுமையானதன்று. 2018ஆம் ஆண்டில் உலக அளவில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடையே ஏறத்தாழ 10.9 கோடி இன்ஃபுளூயன்சா நோய் நிகழ்வுகள் ஏற்பட்டன என்றும், அந்நோயோடு தொடர்புடைய நுரையீரல் தொற்றால் ஏறத்தாழ 35,000 குழந்தைகள் வரை இறந்திருக்கலாம் என்றும் மதிப்பிடப்பட்டுள்ளது. இவ்விறப்புகளில் பெரும்பாலானவை குறைந்த, நடுத்தர வருவாய் உடைய நாடுகளில் நிகழ்பவை. ஆகவே தடுப்பூசியின் தேவை ஐயத்திற்கு இடமற்றது.

ஆனால் தடுப்பூசி நலமாக இருக்கும் குழந்தைக்குப் போடப்படுவது. நோயுற்றவருக்குத் தரும் மருந்தில் பொறுத்துக்கொள்ளப்படும் பக்கவிளைவு, நலமான குழந்தைக்குத் தரும் தடுப்பூசியில் பொறுத்துக்கொள்ளப்படுவதில்லை. எனவே இங்கு இரண்டு வினாக்களுக்கு விடை தேட வேண்டியுள்ளது. இத்தடுப்பூசி குழந்தையை நோயிலிருந்து காக்கிறதா என்பது ஒன்று. காக்கும் போது வேறு தீங்கு விளைவிக்காமல் இருக்கிறதா என்பது மற்றொன்று. இவ்விரு வினாக்களுக்கும் ஒரே சோதனையில் ஒரே அளவு உறுதியான விடை கிடைப்பதில்லை. அதற்கான காரணங்களை வரிசையாகக் காண்போம்.

1. பெரியவர்களின் முடிவு குழந்தைக்குப் பொருந்தாமை

பெரியவர் ஒருவரின் உடல் தம் வாழ்நாளில் பலமுறை இன்ஃபுளூயன்சா வைரஸைச் சந்தித்திருக்கும். ஒரு தவணைத் தடுப்பூசி அவருக்கு முன்பே உள்ள எதிர்ப்பு நினைவைத் தூண்டினால் போதும். ஆறு மாதக் குழந்தைக்கு அத்தகைய நினைவு இல்லை. இதனால்தான் பல நாடுகளின் வழிகாட்டுதல்கள், முதன்முறையாக இத்தடுப்பூசி பெறும் 6 மாதம் முதல் 8 வயது வரையிலான குழந்தைகளுக்குக் குறைந்தது 4 வார இடைவெளியில் 2 தவணைகளைப் பரிந்துரைக்கின்றன. ஆறு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைகளுக்கு எந்த இன்ஃபுளூயன்சா தடுப்பூசிக்கும் உரிமம் இல்லை. கருவுற்ற தாய்க்குத் தடுப்பூசி போடுவதன் வழியாகவே அவர்கள் பாதுகாக்கப்படுகின்றனர்.

பாதுகாப்பு நோக்கிலும் வேறுபாடு உண்டு. காய்ச்சலின் போது வலிப்பு ஏற்படும் இயல்பு 6 மாதம் முதல் 5 வயது வரையிலான பருவத்திற்கே உரியது. தடுப்பூசியோடு தொடர்பில்லாமலே நூற்றுக்கு 2 முதல் 5 குழந்தைகளுக்கு இப்பருவத்தில் ஒருமுறையேனும் காய்ச்சல் வலிப்பு வருகிறது. பெரியவர்களிடம் எவ்வளவு விரிவாகச் சோதித்தாலும் இவ்விளைவு தென்படாது. எனவே சோதனை பெரியவர்களிடம் தொடங்கி, வளர்ந்த குழந்தைகள், இளங்குழந்தைகள் எனப் படிப்படியாக வயதில் கீழிறங்குகிறது. ஒவ்வொரு படியிலும் கிடைத்த பாதுகாப்புத் தரவுகளைச் சோதனையை நடத்துவோரைச் சாராத குழு ஒன்று ஆராய்ந்த பின்னரே அடுத்த படிக்கு இசைவு வழங்கப்படுகிறது.

2. பயன்திறனை அளக்கும் வழிகள்

தடுப்பூசி காக்கிறதா என்பதை அறிய மூன்று வழிகள் கையாளப்படுகின்றன. முதலாவது, குருதியில் உருவாகும் எதிர்ப்பொருளை அளப்பது. குருதி நீர்மத்தை 40 மடங்கு நீர்க்கச் செய்த பின்னும் வைரஸின் செயலைத் தடுத்தால் அதனைப் பாதுகாப்பின் அடையாளமாகக் கொள்வது நெடுநாள் வழக்கம். பெரியவர்களிடம் நடந்த ஆய்வுகளிலிருந்து பெறப்பட்ட இவ்வளவுகோல், ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பாதுகாப்பு உண்டு என்பதையே குறிக்கிறது. அதே அளவு பாதுகாப்பைக் குழந்தைகள் பெற இதனினும் உயர்ந்த எதிர்ப்பொருள் அளவு தேவைப்படுகிறது என்று பின்னர் நடந்த ஆய்வு காட்டியது. எனவே எதிர்ப்பொருள் அளவு ஒரு குறிப்பே தவிர முடிவான சான்றன்று.

இரண்டாவது வழி, குலுக்கல் முறையில் குழந்தைகளை இரு குழுக்களாகப் பிரித்து, எக்குழந்தைக்கு எம்மருந்து தரப்பட்டது என்பது பெற்றோருக்கும் மருத்துவருக்கும் தெரியாதவாறு மறைத்து, ஒரு பருவம் முழுவதும் பின்தொடர்வது. காய்ச்சல் கண்ட குழந்தையின் மூக்குச் சளி ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டு, இன்ஃபுளூயன்சா என உறுதியானவை மட்டும் எண்ணப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, ஒவ்வொரு குழுவிலும் 1,000 குழந்தைகள் இருந்து, தடுப்பூசி பெறாதவர்களில் 100 பேருக்கும் பெற்றவர்களில் 50 பேருக்கும் நோய் கண்டால் செயல்திறன் 50 விழுக்காடு ஆகும். ஆய்வக உறுதி இங்கு மிக முக்கியம். இளங்குழந்தைகளின் காய்ச்சலுக்குப் பல்வேறு வைரஸ்கள் காரணமாவதால், எல்லாக் காய்ச்சலையும் சேர்த்து எண்ணினால் உண்மையான பயன் மறைந்துபோகும்.

2011 முதல் 2014 வரை 13 நாடுகளில் 6 முதல் 35 மாதம் வரையிலான 12,018 குழந்தைகளிடம் நடந்த சோதனை இவ்வகைக்குச் சிறந்த சான்று. நான்கு வைரஸ் வகைகளைக் கொண்ட தடுப்பூசியின் செயல்திறன், ஆய்வகத்தில் உறுதியான எல்லா இன்ஃபுளூயன்சாவுக்கும் எதிராக ஏறத்தாழ 50 விழுக்காடாகவும், நடுத்தர அல்லது கடும் நோய்க்கு எதிராக 60 விழுக்காட்டுக்குச் சற்று மேலாகவும் அமைந்தது. எந்த விளைவை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து ஒரே தடுப்பூசியின் பயனே வேறு எண்ணாக வெளிப்படுவதை இது உணர்த்துகிறது.

மூன்றாவது வழி, தடுப்பூசி பொதுப் பயன்பாட்டுக்கு வந்த பின் மேற்கொள்ளப்படுவது. காய்ச்சலோடு மருத்துவரிடம் வரும் குழந்தைகள் அனைவருக்கும் ஆய்வகச் சோதனை செய்து, இன்ஃபுளூயன்சா உறுதியானோரிடமும் உறுதியாகாதோரிடமும் தடுப்பூசி பெற்றவர் விகிதம் ஒப்பிடப்படுகிறது. சோதனைச் சூழலில் பெறப்படுவதைச் செயல்திறன் என்றும், நடைமுறை வாழ்வில் காணப்படுவதைப் பயன்திறன் என்றும் வேறுபடுத்திக் கூறுவது துறை மரபு.

3. ஒப்பீட்டுக் குழுவும் அறநெறியும்

ஒப்பீட்டுக் குழுவிலுள்ள குழந்தைகளுக்கு என்ன தருவது என்பது அறிவியல் வினா மட்டுமன்று; அறநெறி வினாவும் ஆகும். தடுப்பூசி ஏற்கெனவே பரிந்துரைக்கப்பட்டுள்ள வயதினருக்கு அதை மறுத்து மருந்துப்போலி தருவது ஏற்கத்தக்கதன்று. இச்சிக்கலுக்கு இரு தீர்வுகள் வழக்கில் உள்ளன. புதிய தடுப்பூசியைப் பழைய தடுப்பூசியோடு ஒப்பிடுவது ஒன்று. இன்ஃபுளூயன்சாவோடு தொடர்பில்லாத, ஆனால் குழந்தைக்கு வேறு வகையில் பயன்தரும் தடுப்பூசியை ஒப்பீட்டுக் குழுவுக்குத் தருவது மற்றொன்று. 8 நாடுகளில் 3 முதல் 8 வயது வரையிலான 5,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்து 2013இல் வெளியான சோதனையில் ஒப்பீட்டுக் குழுவினர் கல்லீரல் அழற்சி ஏ வகைத் தடுப்பூசி பெற்றனர். இதனால் எக்குழந்தையும் வெறுங்கையோடு திரும்பவில்லை.

ஒப்புதல் பெறுவதிலும் இளங்குழந்தைகள் தனி நிலையில் உள்ளனர். இந்தியாவின் 2019ஆம் ஆண்டுப் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகள் 7 வயது நிறைந்த குழந்தையின் இசைவையும் கேட்குமாறு கூறுகின்றன. அவ்வயதுக்குக் கீழே பெற்றோரின் அறிந்து தரும் ஒப்புதலே முழுப் பொறுப்பையும் தாங்குகிறது. ஆகவே அவர்களுக்குத் தரப்படும் விளக்கம் எளிமையாகவும் உண்மையாகவும் இருத்தல் வேண்டும்.

4. வயது வரம்பு உருவாகும் விதம்: மூக்குவழித் தெளிப்பு மருந்து

வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸைக் கொண்ட மூக்குவழித் தெளிப்பு மருந்துக்கு அமெரிக்காவில் 2003இல் 5 முதல் 49 வயது வரையிலானோருக்கு உரிமம் வழங்கப்பட்டது. ஊசியின் வலி இல்லாத இம்மருந்து இளங்குழந்தைகளுக்கு மிகவும் ஏற்றது என்ற எதிர்பார்ப்பு இருந்தது. 2004-05 பருவத்தில் 16 நாடுகளில் 6 முதல் 59 மாதம் வரையிலான 8,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் இது ஊசி வடிவத் தடுப்பூசியோடு ஒப்பிடப்பட்டது. ஊசி பெற்றவர்களில் 338 பேருக்கு நோய் உறுதியானது. தெளிப்பு மருந்து பெற்றவர்களில் 153 பேருக்கே உறுதியானது. அதாவது நோய் ஏறத்தாழ 55 விழுக்காடு குறைந்திருந்தது.

பயனை மட்டும் நோக்கியிருந்தால் சோதனை இங்கேயே வெற்றியோடு முடிந்திருக்கும். ஆனால் பாதுகாப்புத் தரவு வேறொன்றையும் காட்டியது. 6 முதல் 11 மாதக் குழந்தைகளில், தடுப்பு மருந்து பெற்ற 180 நாள்களுக்குள் ஏதேனும் ஒரு காரணத்திற்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோர் தெளிப்பு மருந்துக் குழுவில் 6.1 விழுக்காடு, ஊசிக் குழுவில் 2.6 விழுக்காடு. முன்பு இன்ஃபுளூயன்சா தடுப்பூசி பெறாத இளங்குழந்தைகளிடம் மூச்சு இளைப்பும் சற்று மிகுந்திருந்தது. இதன் விளைவாக 2007இல் உரிமம் 2 வயது வரை மட்டுமே நீட்டிக்கப்பட்டது. எல்லாக் குழந்தைகளையும் ஒன்றாகக் கணக்கிட்டிருந்தால் இவ்வேறுபாடு மறைந்திருக்கும். சில மாத இடைவெளியில் கூட வயதுப் பிரிவுகளைத் தனித்தனியே ஆராய்வதன் தேவையை இச்சோதனை நிலைநாட்டியது.

5. ஒரே மருந்து, இரு நாடுகள், இரு முடிவுகள்

புனேயிலுள்ள சீரம் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியா நிறுவனம் தயாரித்த மூக்குவழித் தெளிப்பு மருந்து 2013இல் வங்கதேசத்திலும் செனகலிலும் ஏறத்தாழ ஒரே திட்ட வரைவின்படி சோதிக்கப்பட்டது. ஒவ்வொரு நாட்டிலும் 1,761 குழந்தைகள் பங்கேற்றனர். மூவரில் இருவர் தடுப்பு மருந்தும் ஒருவர் மருந்துப்போலியும் பெற்றனர். 2016இல் வெளியான முடிவுகளின்படி, மருந்தில் அடங்கிய வைரஸ் வகைகளுக்கு எதிராக வங்கதேசத்தில் செயல்திறன் 57.7 விழுக்காடு. செனகலில் அது சுழி.

இவ்விரு சோதனைகளிலும் மருந்தின் பாதுகாப்பில் குறை காணப்படவில்லை. பயனில் மட்டும் இவ்வளவு வேறுபாடு ஏற்பட்டது. செனகலில் அப்பருவத்தில் 2009ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின் எச்1என்1 வகை மிகுதியாகப் பரவியிருந்தது. மருந்தில் இடம்பெற்ற அவ்வகை வைரஸ் குழந்தையின் மூக்கில் போதிய அளவு பெருகவில்லை என்பதற்குப் பின்னர் காம்பியாவில் நடந்த ஆய்வு சான்று தந்தது. உயிருள்ள தடுப்பு மருந்து பெருகினால்தான் எதிர்ப்பாற்றலைத் தூண்டும்.

அமெரிக்காவிலும் இதையொத்த நிலை தோன்றியது. 2015-16 பருவத்தில் 2 முதல் 17 வயதினரிடம் ஊசியின் பயன்திறன் 63 விழுக்காடாக இருக்க, தெளிப்பு மருந்தின் பயன்திறன் 3 விழுக்காடு மட்டுமே என மதிப்பிடப்பட்டது. 2016இல் அதனைப் பயன்படுத்த வேண்டாம் என அறிவுறுத்தப்பட்டு, எச்1என்1 வகை மாற்றப்பட்ட பின் 2018இல் மீண்டும் பரிந்துரைக்கப்பட்டது. ஒரு பருவத்தில் மெய்ப்பிக்கப்பட்ட பயன் மறு பருவத்திற்கு உத்தரவாதம் ஆகாது என்பது இவற்றால் பெறப்படுகிறது.

6. எண்ணிக்கையின் எல்லை: ஆஸ்திரேலியா, 2010

மேற்கு ஆஸ்திரேலிய மாநிலம் 2008 முதல் 6 மாதம் முதல் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இன்ஃபுளூயன்சா தடுப்பூசியை இலவசமாக வழங்கி வந்தது. முதல் இரண்டு ஆண்டுகளில் பெருஞ்சிக்கல் எழவில்லை. 2010ஆம் ஆண்டுப் பருவம் தொடங்கிய சில வாரங்களில், தடுப்பூசி பெற்ற சில மணி நேரத்திற்குள் உயர் காய்ச்சலும் வலிப்பும் கண்ட குழந்தைகள் பெர்த் நகரின் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். ஏப்ரல் 23 அன்று நாடு முழுவதும் இவ்வயதினருக்கான தடுப்பூசித் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. இந்நிகழ்வுகள் சி.எஸ்.எல். நிறுவனத்தின் ஃபுளூவாக்ஸ் தடுப்பூசியோடு மட்டுமே தொடர்புடையவை என்பது ஆய்வில் தெரிந்தது. அதே வைரஸ் வகைகளைக் கொண்ட பிற நிறுவனத் தடுப்பூசிகளில் இம்மிகுதி காணப்படவில்லை. வலிப்பின் அளவு 1,000 தவணைகளுக்கு 3-க்குச் சற்று மேல் என மதிப்பிடப்பட்டது.

முன்பே சோதிக்கப்பட்ட தடுப்பூசியில் இது ஏன் தென்படவில்லை? இத்தடுப்பூசி ஆஸ்திரேலியக் குழந்தைகளிடம் முன்னர் சோதிக்கப்பட்ட போது பங்கேற்றவர்கள் ஏறத்தாழ 300 பேர். ஒரு சோதனையில் எவருக்கும் ஒரு குறிப்பிட்ட தீங்கு நேரவில்லை எனில், அத்தீங்கின் உண்மை வீதம் பங்கேற்றோர் எண்ணிக்கையால் 3-ஐ வகுத்து வரும் அளவு வரை இருக்கலாம் என்பது புள்ளியியல் விதி. 300 குழந்தைகளிடம் வலிப்பே நேராவிட்டாலும், அதன் வீதம் நூற்றுக்கு 1 வரை இருக்கக்கூடும் என்பதே அதன் பொருள். 1,000-க்கு 3 என்ற வீதத்தில் நேரும் தீங்கு, 300 பேர் கொண்ட சோதனையில் ஒருமுறை கூடத் தோன்றாமல் போவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 40 விழுக்காடு.

எண்ணிக்கை மட்டுமே காரணமன்று. 2010ஆம் ஆண்டுத் தடுப்பூசியின் மூன்று வைரஸ் வகைகளும் முந்தைய ஆண்டின் தென்கோளத் தடுப்பூசியில் இல்லாதவை. இன்ஃபுளூயன்சா தடுப்பூசியில் வகை மாறும் ஒவ்வொரு முறையும் முழுச் சோதனை நடத்தக் காலம் இடந்தருவதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் அக்காலத்தில் ஆண்டுதோறும் கேட்ட சிறு சோதனையும், இரு வயதுப் பிரிவுகளில் பிரிவுக்கு ஏறத்தாழ 50 பெரியவர்களிடமே நடத்தப்பட்டது. குழந்தைகள் அதில் இல்லை.

7. காரணம் கண்டறிதலும் மறுசோதனையும்

தொடர்ந்து நடந்த ஆய்வகப் பணி காரணத்தைத் தெளிவாக்கியது. முட்டையில் வளர்த்துச் செயலிழக்கச் செய்த வைரஸ், சலவைப்பொருள் போன்ற ஒரு வேதிப்பொருளால் துண்டாக்கப்படுகிறது. முன்பு போதுமானதாக இருந்த அவ்வேதிப்பொருளின் அளவு, புதிய வகைகளை, குறிப்பாக பி வகை வைரஸை, முழுமையாகத் துண்டாக்கப் போதவில்லை. எஞ்சிய கொழுப்புப் பொருள் வைரஸின் ஆர்.என்.ஏ. துணுக்குகளை உடல் உயிரணுக்களுக்குள் கொண்டுசென்று காய்ச்சலைத் தூண்டியது.

இத்தடுப்பூசி 2009-10 பருவத்தில் அமெரிக்காவில் வேறொரு தடுப்பூசியோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டது. முதல் தவணைக்குப் பின் 6 மாதம் முதல் 3 வயதுக்கு உட்பட்டோரில் 37 விழுக்காட்டினருக்குக் காய்ச்சல் கண்டது. ஒப்பீட்டுத் தடுப்பூசியில் அது 14 விழுக்காடு. வலிப்பு அரிது, காய்ச்சல் பரவலானது. அரிய தீங்கைக் காண இயலாத அளவுள்ள சோதனை கூட, அதற்கு முன்னோடியான பரவலான அறிகுறியைத் தெளிவாகக் காட்ட வல்லது. குழந்தைகளின் காய்ச்சல் அளவைத் தரப்படுத்திப் பதிவு செய்வது எளிய வேலையாகத் தோன்றினும், பாதுகாப்புச் சோதனையின் உயிர்நாடி அதுவே.

தயாரிப்பு முறை திருத்தப்பட்டு, நான்கு வகைத் தடுப்பூசி மீண்டும் 6 முதல் 59 மாதம் வரையிலான 2,200-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் ஒப்பீட்டு முறையில் சோதிக்கப்பட்டது. காய்ச்சல் இம்முறை ஒப்பீட்டுத் தடுப்பூசியைவிட மிகுதியாக இல்லை. 2018 அக்டோபரில் அமெரிக்காவில் அவ்வயதினருக்கு உரிமம் வழங்கப்பட்டது. தீங்கு கண்டறியப்பட்டு, காரணம் அறியப்பட்டு, திருத்தப்பட்டு, மறுபடியும் சோதிக்கப்பட்ட இவ்வரிசை முழுமைபெற எட்டு ஆண்டுகள் ஆயின.

8. உரிமத்திற்குப் பிந்தைய கண்காணிப்பு

மிக அரிய தீங்குகளை எந்த முன்சோதனையும் காட்டாது. 2009ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின் போது வழங்கப்பட்ட பாண்டெம்ரிக்ஸ் தடுப்பூசிக்குப் பின், கட்டுப்படுத்த இயலாத உறக்க நோய் ஃபின்லாந்தில் 4 முதல் 19 வயதினரிடம் 16,000 பேருக்கு ஒருவர் என்ற அளவில் கண்டறியப்பட்டது. இதில் ஒரு நிகழ்வையேனும் உறுதியாகக் காண ஏறத்தாழ 48,000 பேர் தேவை. அந்த ஒரு நிகழ்வும் தற்செயலா விளைவா எனப் பிரித்தறிய இயலாது. நாடு தழுவிய மருத்துவப் பதிவேடுகளே இதற்கு விடை தரும்.

2010ஆம் ஆண்டு மேற்கு ஆஸ்திரேலியாவில், மருத்துவர் தாமாக முன்வந்து அறிவித்தால் மட்டுமே தீங்கு பதிவாகும் முறை இருந்தது. அறிவிப்புகள் ஒன்றுசேர்க்கப்படுவதில் நேர்ந்த தாமதத்தை மாநில அரசின் விசாரணை சுட்டிக்காட்டியது. 2014இல் தொடங்கிய ஆஸ்வாக்ஸ்சேஃப்டி என்னும் திட்டம் அம்முறையை மாற்றியது. தடுப்பூசி பெற்ற சில நாள்களில் பெற்றோரின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பிக் குழந்தையின் நிலை கேட்கப்படுகிறது. விடைகள் உடனுக்குடன் தொகுக்கப்படுகின்றன. அறிவிப்புக்காகக் காத்திருப்பதற்கு மாறாக, கேட்டு அறியும் முறை இது.

எனினும் நம்பிக்கை அவ்வளவு விரைவில் மீளவில்லை. பிற நிறுவனத் தடுப்பூசிகள் பாதுகாப்பானவை என உறுதிசெய்யப்பட்டு அதே ஆண்டில் திட்டம் மீண்டும் தொடங்கிய போதும், மேற்கு ஆஸ்திரேலியாவில் இளங்குழந்தைகளுக்கான தடுப்பூசி ஏற்பு வெகுவாகச் சரிந்து, பல ஆண்டுகள் தாழ்ந்தே இருந்தது. பாதுகாக்கப்பட்டிருக்க வேண்டிய குழந்தைகள் பாதுகாப்பின்றி நின்றனர்.

9. இந்தியச் சூழலில் கருதத்தக்கவை

இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் 6 மாதம் முதல் 5 வயது வரையிலான குழந்தைகளுக்கு ஆண்டுதோறும் இத்தடுப்பூசியைப் பரிந்துரைக்கிறது; அரசின் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டத்தில் இது இடம்பெறவில்லை. எதிர்காலத்தில் இங்குச் சோதனைகள் வடிவமைக்கப்படும் போது நோய்ப் பருவம் தனியே கருதப்பட வேண்டும். ஸ்ரீநகரில் இன்ஃபுளூயன்சா குளிர்காலத்திலும், டெல்லி, புனே போன்ற இடங்களில் தென்மேற்குப் பருவமழைக் காலத்திலும், சென்னை, வேலூர் பகுதிகளில் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் உச்சமடைவதாகக் கண்காணிப்பு ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒரே நாள்காட்டியின்படி எல்லா இடங்களிலும் தடுப்பூசி தந்து பின்தொடரும் சோதனை, சில இடங்களில் நோய்ப் பருவம் கடந்த பின் தொடங்கியதாக அமைந்துவிடும். அதன் முடிவு தடுப்பூசியின் குறையையன்று, காலத்தேர்வின் குறையையே காட்டும்.

முடிவுரை

இளங்குழந்தைகளுக்கான இன்ஃபுளூயன்சா தடுப்பூசியின் சோதனை மூன்று எல்லைகளுக்கு உட்பட்டது. வயது மாறினால் பயனும் தீங்கும் மாறும் என்பதை மூக்குவழித் தெளிப்பு மருந்தின் வரலாறு காட்டுகிறது. பரவும் வைரஸ் மாறினால் பயன் சுழியாகவும் ஆகலாம் என்பதைச் செனகல் காட்டுகிறது. பங்கேற்போர் எண்ணிக்கையால் அளவிடப்படும் கண்ணுக்கு அரிய தீங்கு புலப்படாது என்பதை ஆஸ்திரேலியா காட்டுகிறது. இவை சோதனையின் தோல்விகள் அல்ல. சோதனை எங்கு முடியக்கூடாது என்பதைச் சுட்டும் அடையாளங்கள். ஒரு தடுப்பூசி பாதுகாப்பானது என்னும் கூற்று, எத்தனை குழந்தைகளிடம், எவ்வயதில், எப்பருவத்தில், எவ்வகை வைரஸ்களைக் கொண்டு சோதிக்கப்பட்டது என்னும் விவரங்களோடு சேர்த்தே பொருள்படும். அவ்விவரங்களைப் பெற்றோருக்கு மறைக்காமல் எடுத்துரைப்பதும், தடுப்பூசி போட்ட பின் அவர்கள் கூறுவதைத் தவறாமல் கேட்டுப் பதிவதும் நம்பிக்கையின் அடித்தளமாகும்.